புதிரை முதலில் போடுங்கள், சூத்திரம் பிறகு வரட்டும்

கேள்வி: கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்குப் புள்ளியியல் எடுக்கிறேன். பத்து நிமிடத்தில் வகுப்பே கொட்டாவி விடுகிறது. காணொளி, நகைச்சுவை எல்லாம் பார்த்தாயிற்று. வேறு என்ன செய்யலாம்?

பதில்: நகைச்சுவை வகுப்பைக் கொஞ்ச நேரம் விழிக்க வைக்கும், அவ்வளவுதான். பாடநூல்கள் பெரும்பாலும் வரையறை, சூத்திரம், கடைசியில் எடுத்துக்காட்டு என்றே போகின்றன. கேள்வியே எழாத மாணவரிடம் விடையை நீட்டினால் அவர் ஏன் வாங்கிக்கொள்வார்? வரிசையைத் திருப்பிப் போடுங்கள்.

1973இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் முதுநிலைப் படிப்புகளுக்கு விண்ணப்பித்த ஆண்களில் 44 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது, பெண்களில் 35. இந்த இரண்டு எண்களை மட்டும் பலகையில் எழுதி, "பாகுபாடு நடந்ததா?" என்று கேளுங்கள். ஒவ்வொருவரும் ஆம், இல்லை என்று நோட்டில் எழுதியே ஆகவேண்டும். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒரு பக்கம் சாய்ந்துவிட்டவருக்கு விடை தெரியாமல் இருப்புக் கொள்ளாது. பலரும் 'ஆம்' என்பார்கள்.

இப்போது துறைவாரிக் கணக்கைப் போடுங்கள். மிகப் பெரிய ஆறு துறைகளில் நான்கில் பெண்களின் சேர்க்கை விகிதமே அதிகம். ஒரு துறையில் ஆண்கள் 62, பெண்கள் 82 சதவீதம்! சலசலப்பு கிளம்பும். உடனே விளக்கிவிடத் தோன்றும், பொறுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவரோடு வாதாட விடுங்கள். யார் எந்தத் துறைக்கு விண்ணப்பித்தார்கள் என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வரவேண்டும். இடம் கிடைப்பது அரிதான துறைகளுக்குத்தான் பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள். அதனால்தான் மொத்தக் கணக்கில் பின்தங்கினார்கள். மொத்தத்தில் தெரியும் போக்கு, பிரித்துப் பார்த்தால் தலைகீழாகும் இந்த நிலைக்கு சிம்ப்சன் முரண்பாடு என்ற பெயரை அப்போது சொல்லுங்கள். ஒவ்வொரு பிரிவின் அளவுக்கேற்ப முக்கியத்துவம் தந்து கணக்கிடும் எடையிட்ட சராசரியையும் அதே சூட்டில் நடத்திவிடலாம்.

ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர் 1990களில் பரப்பிய முறை இதற்கு நெருக்கமானது: தனியாக வாக்கு, விவாதம், மறுவாக்கு. முதல் வாக்கில் சரியாகச் சொன்னவர்கள் 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால் விவாதம் நன்றாக எடுபடும். அதைவிடக் குறைந்தால் நீங்களே முதலில் விளக்கிவிடுங்கள்.

போர்ஷன் முடியாதே என்ற கவலை நியாயமானதுதான். வகுப்புக்கு ஒரு புதிர் போதும், நீண்ட நிறுவல்களை வீட்டு வாசிப்புக்குத் தள்ளுங்கள். அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வந்த கட்டுரை, விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் சுமார் 34 சதவீதம் பேரும், மாணவர் பங்கேற்ற வகுப்புகளில் 22 சதவீதம் பேரும் தோற்றதாகக் காட்டுகிறது.

ஆனால் மாணவர்கள் முணுமுணுப்பார்கள். 2019இல் வெளியான ஹார்வர்டு ஆய்வில், இப்படிப் படித்தவர்கள் தேர்வில் அதிக மதிப்பெண் எடுத்தும், குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள். எனவே முதல் வகுப்பிலேயே காரணத்தைச் சொல்லிவிடுங்கள். சீக்கிரமே ஒரு சிறு தேர்வு வைத்து, அவர்கள் மதிப்பெண்ணை அவர்களுக்கே காட்டுங்கள்.