கணக்குப் பார்த்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார், எக்ஸெல் ஷீட்டில் பாஸ்வேர்டு கேட்கிறது. எப்படி எடுப்பது?

தங்கச்சிமடத்தில் நண்டு, கணவாய் வாங்கும் கம்பெனியில் கணக்குப் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஜூன் 14-இல் மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குள் படகுக்காரர்களின் அட்வான்ஸ் கணக்கை நேர் செய்தாக வேண்டும், உங்கள் அவசரம் புரிகிறது. மண்டபத்தில் எனக்கும் இதே வேலைதான்.

முதலில் அவருக்கே போன் போட்டுக் கேளுங்கள். முதலாளியிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கிடைக்கவில்லையா? பாஸ்வேர்டு எப்போது கேட்கிறது என்று பாருங்கள். ஃபைல் திறந்துகொள்கிறது, கட்டத்தில் தட்டினால்தான் தடுக்கிறது என்றால் அது வெறும் ஷீட் பூட்டு. உள்ளே இருக்கும் எதுவும் என்க்ரிப்ட் ஆகவில்லை, அதாவது படிக்க முடியாத ரகசியக் குறியாக மாறவில்லை. எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைல் என்பதே பல ஃபைல்களைச் சுருக்கிக் கட்டிய ஒரு ஜிப் கட்டுதான். ஒரு காப்பி எடுத்து, பெயரின் கடைசியில் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்பதை ஜிப் என்று மாற்றி, ஜிப் கட்டைத் திறக்கும் இலவச மென்பொருளான செவன்-ஜிப்பில் திறங்கள். எக்ஸ்எல் ஃபோல்டருக்குள் ஒர்க்‌ஷீட்ஸ் இருக்கும், அதில் ஷீட்1, ஷீட்2 என்று வரிசையாக எக்ஸ்எம்எல் ஃபைல்கள். இந்த எண் நீங்கள் வைத்த ஷீட் வரிசையோடு பொருந்த வேண்டியதில்லை, ஒவ்வொன்றாகப் பாருங்கள். நோட்பேடில் திறந்து ‘ஷீட்ப்ரொடெக்‌ஷன்’ என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் தேடினால், அதை அடுத்து நீளமாக எழுத்துக் குப்பை ஒன்று வரும். கோண அடைப்புக்குறி தொடங்கும் இடம் முதல் முடியும் இடம் வரை அந்தத் துண்டை மட்டும் அழித்து சேவ் செய்யுங்கள். ஜிப்பைப் புதுப்பிக்கவா என்று செவன்-ஜிப் கேட்கும், சரி என்று சொல்லிவிட்டுப் பெயரைப் பழையபடி மாற்றுங்கள். எல்லாவற்றையும் வெளியே பிரித்துவிட்டு மறுபடி ஜிப் செய்யப் போகாதீர்கள். ஒரு ஃபோல்டர் கூடுதலாகச் சேர்ந்தாலும் எக்ஸெல் திறக்காது. ஃபைல் பழைய எக்ஸ்எல்எஸ் ஆக இருந்தால், முதலில் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆக சேவ் செய்துகொள்ளுங்கள்.

பாஸ்வேர்டை நீக்கித் தருவதாகச் சொல்லும் இணையதளங்களில் மட்டும் ஏற்றிவிடாதீர்கள். யார் எவ்வளவு அட்வான்ஸ் வாங்கினார், யார் பாக்கி, ஆதார் எண், பேங்க் கணக்கு எண் எல்லாம் அந்த ஷீட்டில்தானே இருக்கிறது? அவை நம்மை நம்பிக் கொடுத்தவை. சொந்தக் கம்ப்யூட்டரிலேயே முடிகிற வேலைக்கு அவற்றை ஏன் முன்பின் தெரியாதவரிடம் கொடுக்க வேண்டும்?

ஃபைலைத் திறக்கவே பாஸ்வேர்டு கேட்டால் கதை வேறு. செவன்-ஜிப்பில் திறந்தால் ஒர்க்‌ஷீட்ஸே தெரியாது, ‘என்க்ரிப்டட் பேக்கேஜ்’ என்ற மூட்டைதான் தெரியும். எக்ஸெல் 2010 முதல், நீங்கள் போடும் ஒவ்வொரு பாஸ்வேர்டையும் 1,00,000 சுற்று கணக்கிட்ட பிறகே சரிபார்க்கிறது. ஆகவே எந்த மென்பொருளாக இருந்தாலும் ஊகித்து ஊகித்துப் பார்க்கத்தான் முடியும். பாஸ்வேர்டு நீளமாக இருந்தால் அதுவும் நடக்காது. நம் பக்கத்தில் படகின் பெயர், பதிவு எண், பழைய போன் நம்பர் இவற்றைத்தான் பாஸ்வேர்டாக வைக்கிறார்கள், அவற்றைப் போட்டுப் பாருங்கள். அதுவும் சரிவரவில்லை என்றால் ஆடிட்டருக்குப் போன பழைய மெயில்களில் பூட்டாத காப்பி இருக்கிறதா என்று தேடுங்கள். அதில் விட்டுப்போன மாதங்களை மீன் ஏலத்தில் எழுதிய துண்டுச் சீட்டும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் வைத்து நிரப்பிவிடலாம்.