வாசகர் கேள்வி – பதில்: மிடி கால்வாயில் படகு, சீஸ், ஒயின்

கேள்வி: ஆம்ஸ்டர்டாம் கால்வாய்களில் சீஸும் ஒயினும் கொடுத்துப் படகில் சுற்றிக் காட்டுகிறார்கள் என்று விளம்பரங்களில் பார்க்கிறோம். தென் பிரான்ஸின் மிடி கால்வாயிலும் அத்தகைய பயணம் உண்டு என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். இரண்டில் ஒன்றுக்குத்தான் எங்களுக்கு வசதி இருக்கிறது. எதற்குப் போகலாம்?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நகரத்தைப் பார்ப்பதுதான் முதல் நோக்கம் என்றால் ஆம்ஸ்டர்டாமுக்குச் செல்லுங்கள். சீஸையும் ஒயினையும் அவை உருவாகும் மண்ணிலேயே சுவைக்க வேண்டும் என்றால் தயங்காமல் மிடி கால்வாய்க்குச் செல்லுங்கள். 1613இல் வெட்டத் தொடங்கிய ஆம்ஸ்டர்டாமின் கால்வாய் வளையம் 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. ஹேரன்க்ராக்ட், கெய்சர்ஸ்க்ராக்ட், பிரின்சன்க்ராக்ட் ஆகிய கால்வாய்களின் கரைகளில் நிற்கும் பழைய வணிகர் வீடுகளைத் தண்ணீரிலிருந்து அண்ணாந்து பார்ப்பது உண்மையிலேயே அழகான அனுபவம். அங்கே தட்டில் வைக்கப்படும் கௌடா சீஸும் அந்த நாட்டுடையதுதான். நான்கு வாரத்திலேயே விற்பனைக்கு வரும் இளம் கௌடா மென்மையாக, பால் மணத்துடன் இருக்கும். ஓராண்டுக்கு மேல் முதிர்ந்ததைக் கடித்தால் வெண்மையான சிறு மணிகள் பல்லில் நறநறக்கும். புரதம் சிதைந்து படிகமாவதால் உண்டாகும் மணிகள் அவை. கெட்டுப்போய்விட்டதோ என்று அஞ்ச வேண்டாம்.

ஆனால் அந்தப் படகுகளில் ஊற்றித்தரும் ஒயின் பெரும்பாலும் வேறு நாடுகளிலிருந்து வருவது. பயணமும் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மிடி கால்வாயில் படகு செல்லும் வழியிலேயே திராட்சைத் தோட்டங்கள் இருக்கின்றன. படகைக் கரையில் கட்டிவிட்டு இறங்கி நடந்தால், அந்தத் தோட்டத்தின் ஒயினை அதைத் தயாரித்தவரிடமே கேட்டு வாங்கிச் சுவைக்கலாம். எனக்கு இந்த நெருக்கம்தான் பெரிதாகப் படுகிறது.

கேள்வி: மிடி கால்வாயில் உரிமம் இல்லாமலேயே படகை வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டலாம் என்கிறார்களே, உண்மையா? நாங்கள் யாரும் படகு ஓட்டியதில்லை. எழுபது வயதைக் கடந்த பெற்றோரும் உடன் வருகிறார்கள். மதகுகளைக் கடப்பது கடினமா?
— வாசகர், மதுரை

பதில்: உண்மைதான். வாடகைக்குக் கொடுக்கும் நிறுவனத்தாரே புறப்படுவதற்கு முன் படகை இயக்கும் முறையைக் கற்றுக்கொடுத்து, அந்தப் பயணத்துக்கு மட்டும் செல்லும் தற்காலிக அனுமதிச் சீட்டையும் தருவார்கள். வேக வரம்பு மணிக்கு 8 கிலோமீட்டர்தான் என்பதால் பதற்றப்படத் தேவையில்லை.

மதகுகளைப் பற்றித் தாங்கள் கேட்டது சரியான கேள்வி. படகை உள்ளே விட்டுக் கதவை மூடி, நீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்குக் கொண்டுசெல்லும் அறைதான் இங்கே மதகு. ஒருவர் கயிற்றுடன் கரையில் இறங்கி, அதைக் கட்டையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, அறைக்குள் நீர் ஏறவோ இறங்கவோ அதற்கேற்பக் கயிற்றை இழுத்தும் தளர்த்தியும் படகை நிலையாக வைத்திருக்க வேண்டும். மேலேறும் திசையில் செல்லும்போது நீர் உள்ளே பாய்ந்து வருவதால் படகு குலுங்கும். முதியவர்களை அப்போது உள்ளே உட்கார வைப்பது நல்லது. நண்பகலில் மதகுப் பணியாளர்களின் உணவு இடைவேளையில் மதகுகள் மூடப்படும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கள் குடும்பத்துக்கு நான் சொல்லும் யோசனை இது: 240 கிலோமீட்டர் நீளமுள்ள முழுக் கால்வாயையும் கடந்துவிட ஆசைப்படாதீர்கள். அர்ஜான்-மினெர்வுவா ஊரின் மதகிலிருந்து பெசியே நகரின் எல்லை வரை சுமார் 54 கிலோமீட்டருக்கு ஒரு மதகுகூடக் கிடையாது; மலைச்சரிவின் வளைவுகளை ஒட்டி ஒரே மட்டத்தில் கால்வாய் நெளிந்து செல்கிறது. பழைய கல்பாலமும் படித்துறையும் உள்ள லெ சொமாய், கப்பெஸ்தாங், கொலோம்பியே எல்லாம் இந்தப் பகுதியில்தான் வருகின்றன. 1679இல் குடைந்த 165 மீட்டர் நீளமுள்ள மல்பாஸ் சுரங்கமும் இங்கேதான் இருக்கிறது. கப்பெஸ்தாங் பாலம் மிகவும் தாழ்வானது. அதை நெருங்கும்போது மேல்தளத்தில் இருப்பவர்கள் எல்லோரும் கீழே இறங்கிவிட வேண்டும். இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்கிறேன். சுக்கானைப் பிடிப்பவர் படகைக் கட்டி நிறுத்தும் வரை ஒயினைத் தொடக் கூடாது.

கேள்வி: பாரிஸ் பக்கத்தில் இருபது ஆண்டுகளாக வாழ்கிறோம், ஆனாலும் எந்தச் சீஸை எந்த ஒயினுடன் சாப்பிடுவது என்று இன்றுவரை பிடிபடவில்லை. கோடையில் பிள்ளைகளுடன் மிடி கால்வாய்க்குப் போகிறோம். அந்தப் பகுதிக்கே உரியவற்றைச் சொல்வீர்களா?
— வாசகி, லா கூர்னெவ், பிரான்ஸ்

பதில்: பெலார்டோனிலிருந்து தொடங்குங்கள். கால்வாய் செல்லும் லாங்குடாக் வட்டாரத்தின் மலைப்பகுதிகளில் ஆட்டுப்பாலைக் காய்ச்சாமல் செய்யும் இந்தச் சீஸ், உள்ளங்கையில் அடங்கும் சிறு வட்டு. எடை சுமார் 60 கிராம். குறைந்தது 11 நாள் முதிர்ந்த பிறகே அந்தப் பெயரில் விற்கலாம். கடைக்காரரிடம் இளையது ஒன்றும் மூன்று வாரத்துக்கு மேலானது ஒன்றும் கேட்டு வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெட்டிப் பாருங்கள். இளையதன் உட்புறம் வெண்மையாக, ஈரமாக, இலேசான புளிப்புடன் இருக்கும். முதிர்ந்ததன் தோல் சுருங்கி மஞ்சளடித்து, வாயில் கொட்டைப் பருப்பின் சுவை எழும்பி, ஆட்டுப்பாலின் நெடி தொண்டை வரை நிற்கும். தோலையும் சேர்த்தே சாப்பிடலாம்.

சீஸ் என்றால் சிவப்பு ஒயின்தான் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பெரும்பாலான சீஸுக்கு வெள்ளை ஒயினே பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. சிவப்பு ஒயினின் துவர்ப்பு உப்பான சீஸுடன் சேரும்போது கசப்பாகத் திரிந்துவிடுகிறது. பெலார்டோனுக்குத் தோ காயலுக்கு அருகில் விளையும் பிக்பூல் து பினே என்னும் வெள்ளை ஒயினை வாங்குங்கள். அதன் எலுமிச்சை போன்ற கூர்மை ஆட்டுப்பாலின் கொழுப்பை வெட்டிவிட்டு நாக்கைச் சுத்தமாக்கும். நுரைக்கும் ஒயின் பிடிக்குமானால், கார்கசோனுக்குத் தெற்கேயுள்ள லிமூ ஊரின் பிளாங்கெட் கிடைக்கும். 1531இலேயே சான்திலேர் மடத்துத் துறவிகள் அதைச் செய்தார்கள் என்று அவ்வூரார் பெருமையுடன் சொல்வார்கள்.

ரோக்ஃபோர் என்னும் நீலச் சீஸ், கால்வாய்க் கரையில் செய்யப்படுவதன்று. வடக்கே அவெய்ரோன் மலைநாட்டைச் சேர்ந்தது. ஆனாலும் இந்தப் பகுதிச் சந்தைகள் எல்லாவற்றிலும் கிடைக்கும். லக்கோன் இனச் செம்மறியின் காய்ச்சாத பாலில் செய்து, கொம்பலூ மலையின் குகைகளில் முதிர வைப்பார்கள். பாறைப் பிளவுகள் வழியே வரும் குளிர்ந்த ஈரக்காற்றுதான் அதன் நீலப் பூஞ்சணத்தை வளர்க்கிறது. 1925இலேயே சட்டம் அந்தப் பெயரைப் பாதுகாத்துவிட்டது. உப்பும் காரமும் சேர்ந்த அதன் சுவைக்கு, சான்-ஜான்-து-மினெர்வுவாவின் இனிப்பான மஸ்கட் ஒயினைச் சிறு கோப்பையில் ஊற்றி இரண்டையும் மாற்றி மாற்றிச் சுவையுங்கள். உப்பும் இனிப்பும் ஒன்றையொன்று தூக்கிவிடும். ஒரே ஒரு சேர்க்கைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் இதையே பரிந்துரைப்பேன்.

சிவப்பு ஒயினை ஒதுக்கிவிட வேண்டாம். கால்வாயின் இரு பக்கங்களிலும் பரந்து கிடக்கும் மினெர்வுவா, கொர்பியேர் பகுதிகளின் ஒயின்கள் சிரா, கிரெனாஷ், கரின்யான் போன்ற திராட்சைகளைக் கலந்து செய்யப்படுபவை; பிரெனே மலைப்பகுதியின் கெட்டியான, உப்புக் குறைந்த தொம் சீஸுடன் அவை நன்றாகச் சேரும். ஓம்ப்ஸ் துறையில் மினெர்வுவா ஒயின்களுக்கென்றே ஒரு கூடம் இருக்கிறது. வெந்தநாக்கில் ஒயின் கிடங்கே கால்வாயை ஒட்டி நிற்கிறது. சீஸுக்கு நார்போன் நகரத்தின் மூடிய சந்தைக்குப் போகலாம். லெ சொமாய்க்கு அருகில் பிரியும் கிளைக் கால்வாய் அங்கே கொண்டுபோய் விடும். சீஸைக் குளிர்பெட்டியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாகவே வெளியே எடுத்து வையுங்கள். மென்மையானதில் தொடங்கிக் காரமானதில் முடியுங்கள். அன்று பகல் உணவில் ஊறுகாயையும் மிளகாயையும் தவிர்த்தால் நாக்கு விழிப்பாக இருக்கும். பிள்ளைகளுக்குத் திராட்சைச் சாறு கிடைக்குமா என்று தோட்டங்களில் கேளுங்கள். பல இடங்களில் தருவார்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். சீஸ் பாலில்தானே செய்கிறார்கள், தாராளமாகச் சாப்பிடலாம் என்று பயண முகவர் சொல்கிறார். நம்பலாமா?
— வாசகர், ஸ்ரீரங்கம்

பதில்: அப்படியே நம்ப வேண்டாம். பாலைத் திரட்டுவதற்கு ரென்னெட் என்னும் நொதிப்பொருளைச் சேர்ப்பார்கள். மரபுமுறையில் அது பால்குடி மறக்காத கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுகிறது. பெயர்ப் பாதுகாப்புப் பெற்ற பிரெஞ்சுச் சீஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு விலங்கு ரென்னெட்தான் பயன்படுகிறது; முந்தைய பதிலில் சொன்ன ரோக்ஃபோரும் பெலார்டோனும் அதில் அடங்கும். இதைக் கசப்புடன்தான் எழுதுகிறேன், ஏனென்றால் அறியாமல் சாப்பிட்டுவிட்டுப் பிறகு மனம் வருந்தியவர்களின் கடிதங்கள் இந்தப் பகுதிக்கு வந்திருக்கின்றன.

வழி இல்லாமல் இல்லை. நுண்ணுயிர் அல்லது தாவர நொதியால் திரட்டிய சீஸ்கள் கடைகளில் உண்டு. உறையில் அது குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சந்தையில் "பிரெசூர் அனிமால்?" என்று கேட்டால், விலங்கு ரென்னெட்டா என்று கேட்கிறீர்கள் என்பது விற்பவருக்கு உடனே புரியும். கிழக்கே புரோவான்ஸ் பகுதியின் புருஸ் து ரோவ் என்னும் ஆட்டுப்பால் சீஸை நம் பனீரைப் போலப் பாலைச் சூடாக்கிப் புளிக்காடி சேர்த்தே திரட்டுகிறார்கள், ரென்னெட் கிடையாது. ஒயினிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைத் தெளிய வைக்கச் சிலர் முட்டை வெள்ளைக்கருவையோ மீனிலிருந்து எடுக்கும் பசையையோ பயன்படுத்துகிறார்கள். கண்டிப்பான சைவர்கள் புட்டியில் "வீகன்" என்ற குறியைப் பார்த்து வாங்குவதே பாதுகாப்பு.

கேள்வி: கருவுற்றிருக்கும் மருமகளையும் அழைத்துச் செல்லலாமா?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: மருத்துவர் பயணத்துக்கு அனுமதித்தால் அழைத்துச் செல்லுங்கள். ஆனால் ஒயின் ஒரு சொட்டும் கூடாது. காய்ச்சாத பாலில் செய்த மென்மையான சீஸ்களும், நீலச் சீஸ்களும், சீஸின் மேல்தோலும் கூடாது. லிஸ்டீரியா என்னும் பாக்டீரியாவின் தொற்று கருவையே பாதிக்கக்கூடியது. கோம்தே, எமென்டால் போன்ற கெட்டியான சீஸைத் தோல் நீக்கிக் கொடுக்கலாம்.

கேள்வி: பொறியியல் மாணவன் நான். மேட்டைக் கடந்து செல்லும் கால்வாயில் தண்ணீர் எப்படி வற்றாமல் இருக்கிறது? கரையோர மரங்களை வெட்டிவிட்டார்கள் என்பதும் உண்மையா?
— வாசகர், சென்னை

பதில்: இதற்கு விடை கண்டதால்தான் பியேர்-போல் ரிக்கே இன்றும் கொண்டாடப்படுகிறார். உப்பு வரி வசூலிக்கும் அலுவலராக இருந்த அவர், கால்வாயின் மிக உயர்ந்த இடமான நொரூஸ் மேட்டுக்கு, அதாவது கடல்மட்டத்துக்கு மேல் 189 மீட்டர் உயரத்துக்கு, எங்கிருந்து தண்ணீர் கொண்டுவருவது என்பதையே முதலில் தீர்த்தார். கருமலை என்று பெயர் கொண்ட மொந்தான்ய் நுவார் மலையின் ஓடைகளைத் திருப்பி, சான்-ஃபெரியோலில் அணை கட்டித் தேக்கி, வாய்க்கால் வழியாக நொரூஸுக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து ஒரு பங்கு அட்லாண்டிக் பக்கமும் மறுபங்கு மத்தியதரைக் கடல் பக்கமும் இறங்குகிறது. மதகுகள் முட்டை வடிவில் இருப்பதற்கும் காரணம் உண்டு: தொடக்கத்தில் நேர்ச்சுவருடன் கட்டியபோது மண்ணின் அழுத்தத்தால் சுவர் சரிந்தது, வெளிப்பக்கம் வளைந்த சுவர் அந்த அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டது. 1666இல் தொடங்கிய பணி 1681இல் முடிந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, 1680 அக்டோபரில், ரிக்கே இறந்துவிட்டார். பெசியேயில் எட்டு அறைகளாக அடுக்கிய ஃபோன்செரான் மதகுகளைத் தாங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். இன்று படகுகள் அவற்றில் ஆறு அறைகளைக் கடந்து ஏறுகின்றன அல்லது இறங்குகின்றன.

மரங்களைப் பற்றிய செய்தியும் உண்மை. கரையை இறுக்கவும் நிழல் தரவும் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் நட்ட பிளாட்டான் மரங்களை ஒரு பூஞ்சண நோய் தாக்கியிருப்பது 2006இல் தெரியவந்தது. மருந்தில்லாத நோய் என்பதால் ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டி எரிக்க வேண்டியிருந்தது. பல இடங்களில் வேறு இன மரங்கள் நடப்பட்டு வளர்ந்து வருகின்றன. படகின் கயிற்றை மரத்தில் கட்டுவது தடைசெய்யப்பட்டுள்ளது, ஏனென்றால் பட்டையிலும் வேரிலும் ஏற்படும் சிறு காயம் வழியாகவே நோய் நுழைகிறது. வாடகைப் படகில் தரும் இரும்பு முளையைக் கரையில் அடித்து அதில் கட்டுங்கள்.

கேள்வி: சமையல்காரரும் மாலுமியும் உள்ள விடுதிப் படகில் போக விரும்புகிறோம். எந்தப் பகுதி நல்லது?
— வாசகர், சிங்கப்பூர்

பதில்: மிடி கால்வாயிலும் அவை உண்டு, ஆனால் உணவுக்காகவே போகிறவர்களுக்குப் பிரான்ஸிலேயே வடக்கே உள்ள புர்கோன் கால்வாயைச் சொல்வேன். அதன் 242 கிலோமீட்டரில் 189 மதகுகள் இருக்கின்றன என்பதால் சொந்தமாக ஓட்டுபவர்கள் களைத்துப்போவார்கள். மாலுமி ஓட்டும் படகிலோ அதுவே வசதி. மதகு திறக்கும் நேரத்தில் இறங்கிக் கரையோரம் நடந்து அடுத்த மதகில் ஏறிக்கொள்ளலாம். உணவுவேளைதோறும் அந்தப் பகுதிச் சீஸும் ஒயினும் விளக்கத்துடன் வருவது இத்தகைய படகுகளின் வழக்கம். எப்புவாஸ் சீஸ் வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். திராட்சைச் சக்கையிலிருந்து வடித்த சாராயத்தால் தோலைக் கழுவிக் கழுவி முதிர வைக்கும் அது, மூக்கைச் சுளிக்க வைக்கும் நெடியும் கரண்டியால் எடுக்கும்படி இளகிய உட்புறமும் கொண்டது. நெடியைப் பொறுத்துக்கொண்டு ஒரு வாய் சாப்பிடுங்கள். சுவை நெடியைவிட மென்மையானது.

கேள்வி: எந்த மாதத்தில் போவது?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: மே, ஜூன், செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் அதிகம். நிழல்மரங்கள் போன இடங்களில் படகின் மேல்தளத்தில் பகலில் உட்கார முடியாது. செப்டம்பரில் திராட்சை அறுவடை நடப்பதால் தோட்டத்தாருக்கு விருந்தினரிடம் பேச நேரம் குறைவு. எனவே தோட்டங்களுக்குப் போகும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே எழுதி நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் வரை பராமரிப்புப் பணிக்காகக் கால்வாயில் போக்குவரத்து நிறுத்தப்படும். அந்த மாதங்களுக்குப் படகு பதிவு செய்து தருவதாக யாராவது சொன்னால் பணம் கட்டாதீர்கள்.