எம்சிபி இருக்கும்போது ஆர்சிசிபி எதற்கு?

கேள்வி: புது வீட்டில் வயரிங் வேலை நடக்கிறது. எலக்ட்ரீஷியன் தந்த பட்டியலில் எம்சிபி, ஆர்சிசிபி இரண்டும் இருக்கின்றன. கடையில் போய்க் கேட்டால் "இஎல்சிபியா சார்?" என்கிறார்கள். அபார்ட்மென்ட் ஒன்றில் எம்சிசிபி என்றும் பார்த்தேன். எல்லாமே 'சிபி'தானே, ஏதாவது ஒன்று போதாதா?

பதில்: போதாது. கடைசியில் வரும் 'சிபி' எல்லாவற்றிலும் சர்க்யூட் பிரேக்கர்தான். ஆனால் உங்கள் பட்டியலில் உள்ள இரண்டும் வேறு வேறு ஆபத்தைக் கவனிப்பவை.

எம்சிபி, அதாவது மினியேச்சர் சர்க்யூட் பிரேக்கர், காப்பாற்றுவது வயரை, உங்களை அல்ல. லோடு அதிகமானாலோ ஷார்ட் சர்க்யூட் ஆனாலோ விழும், அதாவது தானாக லைனைத் துண்டிக்கும். 16 ஆம்பியர் எம்சிபிக்கு 16 வரை எல்லாம் சகஜம். மனித உடம்புக்கோ 0.03 ஆம்பியரைத் தாண்டினாலே உயிருக்கு ஆபத்து. ஷாக் அடித்துக்கொண்டிருக்கும்போதும் எம்சிபி பாட்டுக்குச் சும்மா இருக்கும்.

அங்கேதான் ஆர்சிசிபி வேண்டும். 'ஆர்சி' என்பது ரெசிட்யுவல் கரண்ட். பேஸில் போன கரண்ட் அப்படியே நியூட்ரலில் திரும்புகிறதா என்று ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். கீசரிலோ உங்கள் கை வழியாகவோ கொஞ்சம் பூமிக்குக் கசிந்தால் கணக்கு உதைக்கும், 0.3 வினாடிக்குள் துண்டித்துவிடும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் (அதே 0.03 ஆம்பியர்தான்) என்று போட்டிருப்பதைத்தான் வாங்க வேண்டும். 100, 300 எல்லாம் தீ விபத்தைத் தடுக்க. ஆளைக் காப்பாற்ற அல்ல.

ஆர்சிசிபியின் மேல் 40 ஆம்பியர் என்றும் எழுதியிருக்கும். அது தாங்கும் அளவு மட்டுமே. லோடு அதைத் தாண்டினாலும் ஆர்சிசிபி தானாக விழாது, அதனால்தான் எம்சிபியும் தேவை. இரண்டையும் ஒன்றாக்கிய ஆர்சிபிஓ கிடைக்கிறது, விலைதான் கூடுதல். இன்னொன்று: ஒரு கை பேஸிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டு, கால் தரையில் மின்தொடர்பு இல்லாமல் இருந்தால் ஆர்சிசிபியும் உதவாது. போன கரண்ட் முழுதாகத் திரும்பிவிடுகிறதே!

பழைய இஎல்சிபி எர்த் வயரில் ஏறும் வோல்டேஜை வைத்து வேலை செய்தது. இப்போது கடைகளில் ஆர்சிசிபியையே பழக்கதோஷத்தில் அப்படிச் சொல்கிறார்கள். பெயரை விடுங்கள், பெட்டியில் 30 எம்ஏ இருக்கிறதா என்று பாருங்கள். எம்சிசிபி பெரிய லோடுக்கானது. உங்கள் வீட்டுக்கு வேண்டாம்.

சரி, இன்வெர்ட்டர் வைக்கப் போகிறீர்களா? அதன் நியூட்ரலும் மெயின் நியூட்ரலும் கலந்துவிட்டால் ஆர்சிசிபி காரணமே இல்லாததுபோல் அடிக்கடி விழும். தொல்லை தாங்காமல் அதை பைபாஸ் செய்துவிடுகிற எலக்ட்ரீஷியன்கள் உண்டு. இன்வெர்ட்டர் லைனுக்குத் தனி நியூட்ரல் இழுக்கச் சொல்லிவிடுங்கள், சுவர் பூசுவதற்கு முன்பே.