அக்கா குடும்பத்தின் தீவுப் பயணத்தை என் கடன் அட்டையில் போடலாமா?

கேள்வி: லண்டனில் வசிக்கிறோம். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம், இரண்டு பிள்ளைகள். வரும் ஜூலைக் கடைசியில் டொரொண்டோவில் இருந்து அக்காவும் அத்தானும் மகனோடு வருகிறார்கள். ஏழு பேரும் ஒரே வாகனத்தில் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்குப் போய், ஃபெரியில் தீவு தீவாக ஏறி இறங்கி, நிம்மதியாகப் பத்து நாள் இருந்துவிட்டு வர ஆசைப்படுகிறேன். மொத்தம் 5,500 பவுண்டு ஆகும். 20 மாதம் வட்டியில்லாத புதிய அட்டை ஒன்று கிடைக்கும் போலிருக்கிறது. பழைய அட்டையில் 24.9 சதவீத வட்டியில் 6,200 பவுண்டு நிற்கிறது. அதற்குக் குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டுகிறேன். அதன் பிறகு மாதம் 450 மிஞ்சும். அப்பா இறந்த பிறகு அக்காதான் என்னைப் படிப்பித்தவர். அவரிடம் பங்கு கேட்க எனக்கு வாய் வரவில்லை. எந்த அட்டை நல்லது என்று சொல்லுங்கள்.

பதில்: வரவு செலவைக் கணக்கெழுதுவது, அவசரத்துக்குப் பணம் ஒதுக்குவது பற்றியெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, செலவு விவரத்தை இவ்வளவு ஒழுங்காக அனுப்பியவருக்கு அவை தெரிந்தே இருக்கும். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது "பங்கு கேட்க எனக்கு வாய் வரவில்லை" என்ற வரியைத்தான். பழைய 6,200 எப்படி வந்தது என்பதை இணைத்திருந்த தாளில் நீங்களே குறித்திருக்கிறீர்கள்: இரண்டு ஆண்டுகளுக்கு முன் மைத்துனர் குடும்பத்தையும் அழைத்துக்கொண்டு போர்த்துக்கல் போனபோது எல்லாச் செலவையும் நீங்களே ஏற்று, அதையும் வட்டியில்லாத அட்டை ஒன்றில் போட்டீர்கள், சலுகைக் காலம் முடிந்தபோது அதில் பெரும் பகுதி கட்டப்படாமல் இருந்தது. எல்லாருக்குமாக நாமே கொடுத்துவிட்டுப் பிறகு அட்டையோடு தனியாகப் போராடும் இந்தப் பழக்கம்தான் உங்களைக் கீழே இழுக்கிறது. அட்டையை மாற்றினால் அது மாறாது.

பழைய அட்டையின் நிலையை முதலில் பாருங்கள். 6,200 பவுண்டுக்கு மாத வட்டி ஏறத்தாழ 115. நீங்கள் கட்டும் குறைந்தபட்சத் தொகை 180 சொச்சம். அதாவது, ஒவ்வொரு மாதமும் அசலில் 60 பவுண்டு அளவுதான் குறைகிறது. அசல் குறையக் குறைய அந்தக் குறைந்தபட்சத் தொகையும் இறங்கிவிடுவதால் வேகம் இன்னும் மந்தமாகும். இப்போது நீங்கள் நினைத்தபடியே போனால், ஜூலைக்கு ஒன்பது மாதம், அதற்குப் பின் புதிய அட்டையின் 20 மாதம், ஆக 29 மாதம் பழைய அட்டை இதே நிலையில் கிடக்கும். முடிவில் அதில் 4,600 பவுண்டு மீதியிருக்கும். இடையில் வட்டியாக மட்டும் ஏறத்தாழ 2,900 பவுண்டு போயிருக்கும். வட்டியில்லாத பயணம் என்று நீங்கள் சொல்வதன் உண்மையான விலை இது.

புதிய அட்டையையும் நேர்மையாகவே கணக்குப் பார்ப்போம். 5,500ஐ 20 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 275. மிஞ்சும் 450இல் அது போனால் கையில் 175. காரின் ஆண்டுச் சோதனை (எம்.ஓ.டி.), பிள்ளைகளின் பள்ளிச் செலவு, ஊரில் ஒரு கலியாணம் எல்லாம் அந்த 175க்குள் அடங்க வேண்டும். காகிதத்தில் அடங்கும். ஆனால் இன்றும் மாதம் 450 மிஞ்சுவதாகச் சொல்லும் நீங்கள், சேமிப்புக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று எழுதவில்லை. மிஞ்சுவதாக நினைக்கும் பணம் மாதக் கடைசியில் எங்கேயும் தென்படவில்லை என்றால், அதை நம்பி 20 மாதத் தவணைக்குக் கையெழுத்திடுவது பெரிய துணிச்சல். ஒரு தவணை தவறினாலே சலுகையை நிறுத்திக்கொள்ளும் உரிமையைப் பல அட்டை நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருக்கின்றன.

வட்டியில்லா அட்டைக்கு உங்கள் வாழ்க்கையில் ஒரே ஒரு நல்ல வேலை உண்டு: பழைய கடனை அதற்கு மாற்றுவது. பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் கட்டணம் 3 சதவீதம் என்று வைத்தால் 186 பவுண்டு. இரண்டு மாத வட்டிக்கும் குறைவு. கிடைத்தால் வாங்கிப் பழைய கடனை மாற்றுங்கள். மாற்றிய நாளிலேயே பழைய அட்டையை மூடிவிடுங்கள். புதியதில் ஒரு காப்பிகூட வாங்காதீர்கள். விமான மைல் சேரும் அட்டை, முன்பதிவுத் தளங்களில் பளிச்சென்று வரும் "மூன்று தவணையில் செலுத்துங்கள்" பொத்தான், செயலியில் ஐந்து நிமிடத்தில் கிடைக்கும் விடுமுறைக் கடன் ஆகியவை பற்றியும் அந்தத் தாளில் கேட்டிருந்தீர்கள். 24.9 சதவீத வட்டி கட்டிக்கொண்டிருப்பவர் புள்ளி சேர்ப்பதில் ஒரு பொருளும் இல்லை. மற்ற இரண்டும், இல்லாத பணத்தைச் செலவழிப்பதை எளிதாக்குவதற்காகவே செய்யப்பட்டவை. மூன்றையும் விட்டுவிடுங்கள்.

இனிப் பயணத்துக்கு வருகிறேன். தாளில் நீங்கள் எழுதியிருக்கும் திட்டம் இது: ஓபன் துறைமுகத்தில் கப்பலேறிப் பாரா தீவின் காசில்பே, அங்கிருந்து எரிஸ்கே, பாலங்களாகவும் கடல்நடுச் சாலைகளாகவும் இணைந்த யூயிஸ்ட் தீவுகள், பெர்னரேயில் இருந்து மறுபடி ஃபெரியில் ஹாரிஸ், கடைசியில் ஸ்டோர்னோவேயில் இருந்து மீண்டும் பெருநிலத்தின் அல்லாபூல். அழகான பாதை, மறுக்கவில்லை. இதில் ஃபெரிக்கு நீங்கள் போட்டிருக்கும் 400 பவுண்டு பெரிய தொகையே அல்ல. அதே தூரத்தைச் சாலையில் ஓட்டினால் ஆகும் செலவை ஒட்டிக் கட்டணம் வைக்கும் முறை 2008இல் சோதனையாகத் தொடங்கி, 2015க்குள் அந்தக் கரையில் ஃபெரி விடும் கால்மேக் நிறுவனத்தின் வழித்தடங்கள் முழுவதற்கும் வந்துவிட்டது. உங்கள் பணத்தை விழுங்குவது தங்குமிடமும் ஏழு இருக்கை வாடகை வாகனமும்தான். இரண்டும் சேர்ந்து 3,700. அதாவது மொத்தச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு.

இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பத்து நாளில் ஐந்து விடுதி என்றால், ஒவ்வொரு விடுதியும் அதற்கு முந்தைய கப்பலை நம்பி நிற்கிறது. காற்று பலமாக அடித்தாலோ பழைய கப்பல் ஒன்று பழுதானாலோ பயணம் ரத்தாகும். அந்தக் கப்பல்களில் பல வயதானவை. 2018இல் வந்திருக்க வேண்டிய கிளென் சானக்ஸ் என்ற புதிய கப்பல் 2025 ஜனவரியில்தான் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. ரத்தானால் கப்பல் சீட்டின் பணம் திரும்பும். அக்கரையில் காத்திருக்கும், பணம் திருப்பித் தராத விடுதி உங்கள் பாடு. காசில்பேக்குப் போகும் கப்பல் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஓடும். ஒன்றைத் தவறவிட்டால் உடனே அடுத்தது கிடையாது. இரவெல்லாம் கடல் வானிலை பார்த்துக்கொண்டு இருப்பது நீங்கள் கேட்ட நிம்மதியும் அல்ல.

ஆகவே என் யோசனை இது. மல் தீவில் ஒரே வீட்டை ஒரு வாரத்துக்கு எடுங்கள். ஓபனில் இருந்து கிரெய்க்நியூருக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. கோடையில் நாளுக்குப் பல முறை கப்பல் உண்டு. அது நின்றாலும், லோகலினில் இருந்து ஃபிஷ்நிஷ் வரும் சிறிய ஃபெரி இருக்கிறது. அதற்கு முன்பதிவே இல்லை, வரிசையில் நின்று ஏறலாம். தீவின் தென்மேற்கு முனையில் காரை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடப் படகில் அயோனாவுக்குப் போகலாம். அங்கே வெளியார் காரைக் கொண்டுபோக முடியாது என்பதால் எல்லாரும் நடந்துதான் சுற்றுவீர்கள். அயர்லாந்துத் துறவி கொலம்பா 563இல் நிறுவிய மடத்தின் இடமும் வெள்ளை மணல் கரையும் நடை தூரத்திலேயே இருக்கின்றன. இன்னொரு நாள் ஸ்டாஃபா தீவின் குகைக்குப் படகு. தீவு தாவிய நிறைவு கிடைக்கும். ஒவ்வொரு இரவும் அதே கட்டிலில் படுக்கலாம்.

செலவைத் தோராயமாகப் போடுகிறேன். வாரத்துக்கு வீடு 1,500. உங்கள் பாதி 750. நீங்கள் உங்கள் காரிலேயே போங்கள், எரிபொருள் 170. போகும்போதும் வரும்போதும் வழியில் ஒவ்வோர் இரவு, 170. உங்கள் நால்வரின் சாப்பாடும் சில்லறையும் 350. இரண்டு கார், ஏழு பேருக்கும் ஃபெரியும் அயோனாப் படகும் சேர்ந்து 180. இதை நீங்களே கொடுங்கள், அக்காவுக்கு உங்கள் அன்பளிப்பாக. ஆக 1,600 சொச்சம். அக்கா குடும்பம் தங்களுக்கு ஒரு சிறிய காரை வாடகைக்கு எடுத்துக்கொள்ளட்டும்.

மாதம் 180 பவுண்டைச் சம்பள நாளிலேயே தனிக் கணக்குக்குப் போகும்படி ஸ்டாண்டிங் ஆர்டர் போடுங்கள். ஒன்பது மாதத்தில் 1,620 சேரும். மிச்சம் 270ஐப் பழைய அட்டைக்கு ஏற்கெனவே கட்டும் 180உடன் சேர்த்து மாதம் 450 கட்டுங்கள். குறைந்தபட்சத் தொகை இறங்கினாலும் நீங்கள் இறங்காதீர்கள். பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் கிடைக்காமல் போனாலும்கூட, பயணம் கிளம்பும்போது கடன் ஏறத்தாழ 3,000க்கு வந்திருக்கும். திரும்பியதும் 630 முழுவதையும் அதற்கே கட்டினால் ஆண்டு முடிவதற்குள் தீர்ந்துவிடும். முதல் இரண்டு மாதத்தில் இந்த 180ஐயும் 270ஐயும் ஒதுக்க முடியவில்லை என்றால், மிஞ்சுவதாக நீங்கள் போட்ட கணக்கு தவறு. அப்போது பயணத்தை இன்னும் சிறிதாக்குங்கள்.

இனி அக்காவிடம் பேசுவது. படிப்பித்தவருக்கு நன்றி செலுத்த நினைப்பதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. அது நல்ல குணம். ஆனால், தம்பி தன் பெயரில் 11,000 பவுண்டுக் கடனைச் சுமந்துகொண்டு தன்னைத் தீவு சுற்றிக் காட்டினான் என்று பின்னால் தெரிந்தால் அவருக்கு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். அக்காவும் அத்தானும் சம்பாதிக்கிறார்கள்; பங்கு கொடுக்க மாட்டோம் என்று அவர்கள் ஒருநாளும் சொல்லவில்லை, நீங்கள்தான் கேட்கவில்லை. பயணத்தின் நடுவில், சாப்பாட்டு மேசையில் பில் வரும்போது பணத்தைப் பற்றிப் பேசுவதுதான் சங்கடம். ஒன்பது மாதம் முன்னால் பேசினால் அது வெறும் ஏற்பாடு. இந்த வார இறுதியில் தொலைபேசியில் எடுத்து, "அக்கா, மல் தீவில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன், ஆளுக்குப் பாதி 750 பவுண்டு வரும். கப்பல் செலவு முழுக்க என்னுடையது, அதில் நீங்கள் கை வைக்கக்கூடாது. உங்களுக்கு ஒரு சின்னக் கார் எடுத்தால் வசதியாக இருக்கும். அத்தானிடமும் கேட்டுச் சொல்லுங்கள்" என்று சொல்லுங்கள். மன்னிப்புக் கேட்கும் குரல் வேண்டாம். கடனைப் பற்றி அவர் கேட்டால் மறைக்கவும் வேண்டாம்.

அவர் சரியென்று சொல்லித் தன் பாதியை அனுப்பிய பிறகே வீட்டைப் பதிவு செய்யுங்கள். அப்போது கடன் அட்டையில் கட்டுவதில் ஒரு நன்மை இருக்கிறது: 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு, 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரையுள்ள ஒரு பொருளோ சேவையோ கிடைக்காமல் போனால் அட்டை நிறுவனத்தையும் பொறுப்பாக்குகிறது. இடைத்தரகுத் தளம் வழியாகக் கட்டினால் இந்தப் பாதுகாப்பு நிற்காமல் போகலாம். ஆகவே வீட்டு உரிமையாளரிடமோ அவருடைய முகவரிடமோ நேரடியாகக் கட்டுங்கள். ஆனால் 6,200 நிற்கும் அட்டையில் அல்ல. வீட்டை மனைவியின் பெயரிலேயே பதிவு செய்து, கடன் ஏதும் நிற்காத அவருடைய அட்டையில் முன்பணத்தைப் போட்டு, அக்கா அனுப்பியதையும் உங்கள் சேமிப்பையும் வைத்து அந்த மாத பில்லிலேயே முழுவதும் அடைத்துவிடுங்கள். ஓபன் கப்பலில் காருக்கான இடத்தைக் கோடை அட்டவணை வெளியானதும் பிடித்துவிடுங்கள். நடந்து ஏறுபவர்களுக்குப் பெரும்பாலும் இடம் கிடைக்கும், பள்ளி விடுமுறையில் கார்த் தளம்தான் முதலில் நிறையும்.