கின்டர்டைக் ஊரின் காற்றாலைகள் எதற்காகக் கட்டப்பட்டன?

நெதர்லாந்தில் ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றைத் தேர்ந்து, அதன் வரலாற்றையும் அங்கே பார்க்க வேண்டியவற்றையும் சொல்லுமாறு கேட்டிருக்கிறீர்கள். நான் தயங்காமல் சொல்வது கின்டர்டைக். ராட்டர்டாமுக்குக் கிழக்கே, லெக், நோர்ட் என்னும் இரு ஆறுகள் கூடுமிடத்தில் உள்ள இவ்வூருக்குப் பலரும் காற்றாலைகளைப் படம் பிடிக்கவே வருகிறார்கள். ஆனால் அவை என்ன வேலை செய்தன என்று தெரிந்துகொண்டு பார்த்தால்தான் அவற்றின் அருமை விளங்கும்.

அல்பிளாசர்வார்ட் எனப்படும் இந்த வட்டாரம் முன்பு சதுப்பு நிலம். மக்கள் கரை எழுப்பி, வாய்க்கால் வெட்டி நீரை வடித்துக் குடியேறினார்கள். நீர் வடிய வடிய, மட்கிய தாவரங்களால் ஆன மண் காய்ந்து அமுங்கி, வயல்கள் ஆற்றைவிடத் தாழ்ந்துபோயின. 1421 நவம்பரில் வந்த புனித எலிசபெத் பெருவெள்ளம் அருகிலிருந்த ஒரு நிலப்பகுதியையே மூழ்கடித்தது. அந்த வெள்ளத்தில் மிதந்து வந்த தொட்டிலில் ஒரு பூனை இங்குமங்கும் தாவி, அது கவிழாமல் குழந்தையைக் காத்தது என்பது இவ்வூரார் சொல்லிவரும் கதை.

வடிகால் மட்டும் போதாது என்றான பின், 1738இல் செங்கல்லால் 8 ஆலைகளும், 1740இல் நாணல் வேய்ந்த 8 ஆலைகளும் எழுந்தன. மற்ற மூன்றையும் சேர்த்து இன்று 19 நிற்கின்றன. ஆலையின் சக்கரம் தாழ்ந்த வாய்க்காலிலிருந்து நீரை வாரி, சற்று உயரத்திலுள்ள தேக்கத்தில் விடும்; ஆற்றில் நீர்மட்டம் இறங்கும் நேரம் பார்த்து மதகைத் திறந்து, அந்த நீரை லெக்கில் வடித்துவிடுவார்கள். 1997இல் யுனெஸ்கோ இந்த முழு அமைப்பையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

அருங்காட்சியகமாக உள்ள ஆலைக்குள் கட்டாயம் செல்லுங்கள். சுவருக்குள் அலமாரி போல அமைந்த படுக்கைகளைக் கண்டால், ஆலைக்காரரின் குடும்பம் எவ்வளவு இட நெருக்கடியில் வாழ்ந்தது என்பது புரியும். நிறுத்திவைத்த இறக்கைகளையும் கவனியுங்கள்: மேல் இறக்கை உச்சியை எட்டுவதற்குச் சற்று முன் நின்றால் வீட்டில் மகிழ்ச்சி, உச்சியைத் தாண்டி நின்றால் துக்கம். இந்த வழக்கம்தான் என்னை மிகவும் நெகிழ வைத்தது.

1868இல் நீராவி நீரேற்று நிலையம் வந்தது. ஆயினும் இரண்டாம் உலகப் போரில் எரிபொருளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது காற்றாலைகளே மீண்டும் நீரை இறைத்தன. இப்போது அந்த வேலையைச் செய்வது பெரிய திருகு வடிவ இறைப்பிகள். அவற்றையும் பார்க்காமல் திரும்பாதீர்கள். வயல்கள் இன்று நீரில் மூழ்காமலிருப்பது அவற்றால்தான்.