முதல் காசு டயருக்கு

கேள்வி: அண்ணா, பழைய சுசுகி ஜிம்னி ஜீப் ஒன்று வாங்கியிருக்கிறேன். காட்டுப் பாதை, மணல் என்று ஓட்டிப் பழக ஆசை. நண்பர்கள் வின்ச் (கயிற்றைச் சுருட்டி வண்டியை இழுக்கும் மோட்டார்) பூட்டு, ஸ்நோர்கல் (எஞ்சினுக்கு உயரத்திலிருந்து காற்று எடுக்கும் குழாய்) பூட்டு என்கிறார்கள். எதை முதலில் வாங்கலாம்?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: தம்பி, வின்ச் இப்போது வேண்டாம். அதன் கயிற்றைக் கட்டி இழுக்க ஒரு மரமாவது வேண்டும். கற்பிட்டி மணலில் மரத்துக்கு எங்கே போவீர்கள்? என் ஜீப்பில் இன்றைக்கும் வின்ச் இல்லை.

முதல் காசு டயருக்கு. பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 1819 என்றால் 2019ஆம் ஆண்டின் 18ஆவது வாரம் செய்தது. அதிகம் ஓடாத டயர் என்றாலும் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். தார் வீதிக்கும் மண் பாதைக்கும் பொதுவான ஆல் டெரைன் டயரே போதும். சேற்றுக்கென்றே செய்த மட் டெரைன் போட்டுக்கொண்டு தினமும் காலி வீதியில் வேலைக்குப் போனால் இரைச்சல். மழைக்குப் பிரேக்கும் அவ்வளவு பிடிக்காது.

அப்புறம் காற்று அளக்கும் கேஜ், காற்றடிக்கும் 12 வோல்ட் கொம்பிரசர். மணலில் புதைகிறவர்கள் பெரும்பாலும் வீதியில் ஓடிய காற்றோடு அப்படியே இறங்கியவர்கள்தான். காற்றைக் குறைத்தால் டயர் நீளவாக்கில் படியும், பாரம் பரவும், மணலைத் தோண்டாமல் மேலே ஓடும். ஜிம்னி பாரம் குறைந்த வண்டி, 15 பிஎஸ்ஐ வரை இறக்கலாம். ஆனால் அந்தக் காற்றில் வேகமாகப் போய் ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தார் வீதிக்கு ஏறுமுன் கதவோர ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குத் திரும்ப அடியுங்கள்.

புதைந்த வண்டியை இழுக்கிற கயிறு, அதை வண்டியில் மாட்டும் இரும்பு வளையமான ஷக்கிள் இரண்டிலும் மட்டும் மலிவு பார்க்காதீர்கள். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் ஷக்கிள் வாங்கும்போது அது தாங்கும் பாரம் அதன் உடம்பிலேயே பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேண்டவே வேண்டாம். டிரெய்லர் கொளுவும் குண்டில் கயிற்றை மாட்டி இழுக்க யாரையும் விடாதீர்கள். அது முறிந்து பறந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். இவற்றோடு ஒரு மண்வெட்டி, தோல் கையுறை. சரி, சாமான் இவ்வளவுதான்.

பழகுவதற்கு ஹுன்னஸ்கிரியவிலிருந்து மீமுரே போகும் மலைப் பாதை நல்லது. இறக்கத்தில் ஃபோர் லோ (நான்கு சில்லும் மெதுவாக, அதிக இழுவையோடு சுற்றும் கியர்) போட்டு முதல் கியரில் விடுங்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடேறாது. காய்ந்த தார் வீதியில் ஃபோர் வீலைப் போடாதீர்கள். திருப்பத்தில் முன் சில்லும் பின் சில்லும் ஒரே அளவு சுற்றுவதில்லை, ஜிம்னியின் அமைப்போ இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிடும், பல்சக்கரங்கள் முறுகும். எங்கே போனாலும் இன்னொரு வண்டியோடு போங்கள். வில்பத்து போன்ற தேசியப் பூங்காக்களில் பாதையை விட்டு இறங்கவே கூடாது.

கேள்வி: ஸ்நோர்கல் இருந்தால் ஆற்றைக் கடக்கலாமா?
– வாசகி, தெஹிவளை

பதில்: தங்கச்சி, ஸ்நோர்கல் எஞ்சின் இழுக்கும் காற்றோடு தண்ணீர் போகாமல் காக்கும். வெள்ளம் வண்டியைத் தூக்கிக்கொண்டு போவதை அது தடுக்காது. அடி தெரியாத கலங்கிய தண்ணீர் என்றால் திரும்பிவிடுங்கள். தண்ணீருக்குள் எஞ்சின் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் அடிக்காதீர்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது, பிஸ்டனோடு சேர்ந்த கனெக்டிங் ரொட் வளைந்துவிடும். வெளியே இழுத்தெடுத்து, பிளக்குகளைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகே சாவியைத் தொடுங்கள்.