வெயில் காலத்தில் குச்சி நடுபவர்கள் எதை வாங்க வேண்டும்?

கேள்வி: யீஷூனில் நான்காவது மாடியில் இருக்கிறோம். வீட்டு வாசல் தாழ்வாரத்தில் மதியத்துக்கு மேல் கடுமையான வெயில். ஏப்ரலில் செம்பருத்தி, காகிதப்பூ, நந்தியாவட்டை மூன்றிலும் குச்சி வெட்டி நட்டேன். காகிதப்பூ மட்டும் துளிர்த்தது, பிறகு அதுவும் காய்ந்துவிட்டது. இணையத்தில் வேர்ப் பொடி, பி1 திரவம், மூடி போட்ட பிளாஸ்டிக் தட்டு, அடியில் சூடு கொடுக்கும் விரிப்பு எல்லாம் சேர்த்து ஒரே தொகுப்பாக விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: தொகுப்பாக வாங்காதீர்கள். சூடு கொடுக்கும் விரிப்பு குளிர்நாட்டுக்காரர்களுக்கு. அங்கே மண் சில்லென்று இருப்பதால் வேர் வராது. சிங்கப்பூரில் வருடம் முழுக்க மண் தேவையான அளவு சூடாகத்தான் இருக்கிறது. பி1 திரவமும் வேண்டாம். அது வைட்டமின், வேரைத் தூண்டும் ஹார்மோன் இல்லை.

வேர்ப் பொடி உண்மையிலேயே வேலை செய்யும். ஆனால் லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஐபிஏ (வேரைத் தூண்டும் ஹார்மோன்) என்ற பெயரும் அதன் விகிதமும் போட்டிருக்க வேண்டும். இளந்தண்டுக்கு 0.1 சதவீதம், பாதி முற்றியதற்கு 0.3, காகிதப்பூ போன்ற முற்றிய கட்டைக்கு 0.8 வரை என்பது வழக்கம். விகிதமும் காலாவதித் தேதியும் இல்லாத பொட்டலத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். வாங்கிய பிறகு, ஈரக் குச்சியை டப்பாவுக்குள்ளேயே விட வேண்டாம். கொஞ்சம் பொடியைத் தனியாகக் கொட்டி அதில் தொட்டு எடுங்கள். இல்லாவிட்டால் டப்பா முழுவதும் கெட்டுவிடும். செம்பருத்தி, நந்தியாவட்டைக்குப் பொடி இல்லாமலே வேர் வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் குச்சிகள் காய்ந்ததற்குக் காரணம் பொடி இல்லாதது அல்ல, அந்த மதிய வெயில்தான். வெட்டிய குச்சிக்குத் தண்ணீர் உறிஞ்ச வேர் கிடையாது, ஆனால் இலை வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். குச்சி தனக்குள் சேர்த்து வைத்த சத்தைக் கொண்டு துளிர்த்துவிடும். அந்தத் துளிர் இன்னும் தண்ணீர் கேட்கும், கீழே வேர் இல்லாததால் வாடிவிடும். உங்கள் காகிதப்பூவுக்கு நடந்தது இதுதான். துளிரைப் பார்த்ததும் வெயிலுக்கு நகர்த்தாதீர்கள். குச்சியை மெதுவாக இழுத்துப் பாருங்கள், பிடிப்புத் தெரிந்தால்தான் வேர் வந்திருக்கிறது. செடியைப் பொறுத்து மூன்று வாரமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம்.

அதனால் காசு போட வேண்டியது நிழலுக்கும் ஈரத்துக்கும். மூடி போட்ட தட்டைக்கூட வாங்கத் தேவையில்லை. தெளிவான பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தாலே போதும், ஆனால் நிழலில் மட்டும். நேர் வெயிலில் மூடி வைத்தால் உள்ளே அடுப்பு மாதிரி ஆகிவிடும், குச்சி வெந்துவிடும். தாழ்வாரத்தில் நிழல் இல்லையென்றால் துணி காயப்போடும் பின்கட்டு நல்ல இடம். வெளியேதான் வைக்க வேண்டும் என்றால் நிழல்வலை ஒரு துண்டு வாங்குங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி வெயிலில் கொதிக்கும், வெளிர் நிறத் தொட்டி எடுங்கள்.

மண் வாங்கும்போதும் கவனம். உரம் கலந்த தொட்டி மண் வேண்டாம், குச்சி அழுகும். பெர்லைட்டும் (இலேசான வெள்ளைக் கல் துகள்) தேங்காய் நார்த்தூளும் பாதிப் பாதி போதும். நார்த்தூளில் உப்பு இருக்கலாம், இரண்டு மூன்று முறை அலசுங்கள். பெர்லைட்டை நனைத்துவிட்டுக் கொட்டுங்கள், தூசி மூக்கில் ஏறக் கூடாது.

எந்த மாதம் என்று கேட்பவர்களுக்கு: குளிர்நாட்டுக் காணொளிகளில் கோடையில் வெட்டச் சொல்வது, அப்போதுதான் அங்கே தண்டு பாதி முற்றும் என்பதால். இங்கே மாதத்தைப் பார்க்க வேண்டாம், தண்டைப் பாருங்கள். நுனி பச்சையாக, அடி பழுப்பாக மாறத் தொடங்கியிருந்தால் சரி. 10 முதல் 15 சென்டிமீட்டர் நீளம், கணுவுக்குக் கொஞ்சம் கீழே வெட்டு, மேலே இரண்டு இலை, பெரிய இலையானால் பாதி நறுக்குங்கள்.

தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள், டெங்கிக் கொசுவுக்கு அது போதும். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட்டுத்தான் தொட்டி வைக்க வேண்டும்.

கேள்வி: "வேர் விட்ட மல்லிகைக் கன்று" என்று இணையத்தில் 10 வெள்ளிக்கு வாங்கினேன். வந்ததும் மாற்றி நட எடுத்தால் வெறும் குச்சி, வேரே இல்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: விற்றவர் வியாபாரியா, தனிநபரா என்பதைப் பொறுத்தது. வியாபாரி என்றால், இல்லாத வேரை இருப்பதாகச் சொல்லி விற்பது பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நியாயமற்ற செயல். சொன்னபடி இல்லாத பொருளுக்கு முதலில் மாற்றுக் கேட்கலாம், அது நடக்காவிட்டால் பணம். குறையுள்ள பொருள்களுக்கான இந்த விதி 2012 செப்டம்பர் முதல் இருக்கிறது. ஆனால் செடி உயிருள்ள பொருள், "நீங்கள் பராமரிக்கவில்லை" என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். எனவே பெட்டியைத் திறந்த அன்றே வேர்ப் பகுதியைப் படமெடுத்து, அன்றே எழுத்தில் புகார் செய்யுங்கள். விளம்பரத்தையும் படமெடுத்து வையுங்கள், பிறகு மாற்றிவிடக்கூடும்.

தனிநபரிடம் வாங்கியிருந்தால் இந்தச் சட்டம் கைகொடுக்காது. தளத்தின் புகார் வசதியைத்தான் நம்ப வேண்டும், அதனால் பொருள் கிடைத்ததாக உறுதிசெய்யும் பொத்தானை அழுத்தும் முன் பார்த்துவிடுங்கள். சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போகலாம்தான், ஆனால் 10 வெள்ளிக் கன்றுக்கு அங்கே செலவாகும் நேரம் கட்டுப்படியாகாது. அடுத்த முறை தாம்சன் ரோடு, சுங்கை தெங்கா பக்கம் உள்ள செடிப் பண்ணைகளுக்கு நேரில் போய், தொட்டியின் அடித்துளையில் வேர் எட்டிப் பார்க்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: ஊருக்குப் போகிறேன். வரும்போது அம்மா வீட்டு மருதாணியில் நாலு குச்சி பெட்டியில் வைத்துக் கொண்டு வரலாமா?

பதில்: அப்படியே கொண்டு வரக் கூடாது. இந்தியாவிலிருந்து செடி கொண்டுவர அங்கே தாவர நலச் சான்றிதழும் இங்கே தேசியப் பூங்காக் கழகத்தின் இறக்குமதி அனுமதியும் வேண்டும். நாலு குச்சிக்காக இத்தனை வேலை வேண்டாம். பூங்காவிலோ சாலையோரத்திலோ ஒடிப்பதும் குற்றம். மருதாணி இங்கேயே நிறைய வீடுகளில் இருக்கிறது, குச்சியிலிருந்து எளிதாக வேர் பிடிக்கும் செடியும்கூட. உங்கள் வட்டாரத்துச் சமூகத் தோட்டத்தில் வார இறுதியில் கேட்டுப் பாருங்கள். கத்தரிக்கும் நாளில் போனால், கேட்டதற்கு மேலேயே கொடுப்பார்கள்.